கெண்டைக்கால் பார்க்க வந்தவர்

சார் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த மாலை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்தவர், அம்மா கொடுத்த காபியைத் தொடவில்லை. அண்ணனை எதிரே நிற்கவைத்து, லுங்கியைத் தூக்கச் சொல்லி, அவன் கெண்டைக்காலை இரண்டு கைகளாலும் அழுத்திப் பார்த்தார். சந்தையில் மாடு பிடிக்க வந்தவரைப் போல. எங்களுக்கு அன்று அது பெருமையாக இருந்தது. அதை இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது.

எண்பதுகளின் கடைசி. பொழிச்சலூரில் இருந்தோம். அப்பாவுக்குப் பம்மலில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்த பெண் நான். சார், நகரத்துக் கால்பந்து கிளப் ஒன்றுக்கு ஆள் பொறுக்குகிறவர். தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை எந்த மைதானத்தில் பந்து உருண்டாலும் ஓரத்தில் அவருடைய ஸ்கூட்டர் நிற்கும். "படிப்ப அப்புறம் பாத்துக்கலாம்மா. ரெண்டு வருஷம் கிளப்புல ஆடட்டும், கவர்ன்மென்ட் வேலைக்கு நான் வழி பண்றேன்" என்றார். அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டான்.

இரண்டாவது சீசனில் அவன் முட்டியில் ஜவ்வு கிழிந்தது. கிளப்பிலிருந்து யாரோ ஆட்டோவில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்றார் டாக்டர். அதற்குப் பணம் கேட்டு அப்பா கிளப்புக்கு நடையாய் நடந்தார். சார் ஊரில் இல்லை என்று வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். அதே வாரம் சார் அஸ்தினாபுரத்தில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்ததை அண்ணனின் கூட்டாளி வந்து சொன்னான். ஆபரேஷன் நடக்கவே இல்லை. அண்ணன் காலை இழுத்து நடக்கப் பழகிக்கொண்டான். ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தான்.

சில வருடங்கள் கழித்து சார் மறுபடி வந்தார். தம்பிக்காக!

கதவைத் திறந்தது அண்ணன். "நல்லா இருக்கியாப்பா?" என்று கேட்டவர் பதிலுக்கு நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து, பாய் மேல் நீட்டியிருந்த தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் காலைப் பார்த்தார். "அண்ணனவிட இவன் ஓட்டம் ஜோரு" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்தாள்.

"ஒருத்தன நொண்டியாக்கிட்டுப் போன. இப்ப இன்னாத்துக்கு வந்துகீற? எந்திரி. வூட்ட வுட்டு எந்திரி!"

"ஆளக் காட்றது மட்டுந்தாம்மா என் வேலை. கால் போனா நான் என்ன பண்ண முடியும்?"

அவர் குரல் உயரவே இல்லை. இதே பதிலை எத்தனை வீடுகளில் சொல்லியிருப்பாரோ என்று எனக்குத் தோன்றியது. அம்மா அதற்குப் பிறகு தம்பியைப் பந்து பக்கமே விடவில்லை. அவனுக்கு அதில் அம்மா மேல் தீராத வருத்தம். சார் மேல் இல்லை.

தொண்ணூறுகளின் முடிவில் சார் இறந்துபோனார். தாம்பரத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அவர் கண்டெடுத்ததால் பெரிய டீம்களுக்குப் போனவர்களின் பெயர்களையெல்லாம் மேடையில் வாசித்தார்களாம். அண்ணன் பெயர் இல்லை. அவன் கையில் மாலையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்திருந்தான்.

"இன்னாத்துக்குண்ணா போன?" என்று கேட்டேன்.

"அத்தினி பசங்க ஆடிகினு இருந்தாங்கோ. அவரு என்னையத்தான பாத்தாரு?" என்றான். சொல்லும்போது சிரித்தான்.

நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனேன். இன்றைக்கும் பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் அண்ணன் சாருக்குப் பரிந்து பேசுவான். நான் கத்துவேன். அவன் காலை இழுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான்.