மாவு கொஞ்சம் சீரியஸ்

பிளாஸ்டர் சுற்றிய ஒரு சாவி என் பையில் கிடக்கிறது. பிளாஸ்டரில் பேனாவால் 'மாடி ரூம்' என்று எழுதியிருக்கும். எழுத்து பாதி அழிந்துவிட்டது. எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போனவன் நான். படுத்த இடங்களில் பாதிக்குக் கதவே இருந்ததில்லை. என்னை நம்பி ஒருவர் கொடுத்த முதல் சாவி இதுதான்.

கொடுத்தவர் ஒரு டாக்டரம்மா. பெங்களூரு மர்பி டவுனில் நான் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போட்டுக்கொண்டிருந்தபோது என் பக்கத்து அறைக்குக் குடிவந்தார். ஆம்பூர்ப் பெண். வேலூருக்குத் தினமும் வீட்டிலிருந்தே ரயிலில் போய்ப் படித்தவர். இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஜூனியர் டாக்டர். தனியாக இருப்பது அதுதான் முதல்முறை. அந்த அறைக் கதவு சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். வந்த வாரத்திலேயே சாவியை உள்ளே வைத்துவிட்டு இரண்டு முறை வெளியே நின்றார். அதன் பிறகுதான் மாற்றுச் சாவி என்னிடம் வந்தது. அவருடைய அப்பா மூன்று மாதம் கெடு வைத்திருந்தார். அதற்குள் தனியாக இருக்கப் பழகவில்லையென்றால் ஊருக்குத் திரும்பி மாமாவின் கிளினிக்கில் உட்கார வேண்டும்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிக்கிற டாக்டர், அடுத்து வருபவரிடம் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டுமாம். அதற்கு ஹேண்ட் ஓவர் என்று பெயர். அந்தப் பழக்கம் அவருடைய அடுப்படிக்கும் வந்துவிட்டது. நான் வேலை முடிந்து படியேறும்போது அவர் டியூட்டிக்கு இறங்கிக்கொண்டிருப்பார்.

"அண்ணா, பால் காய்ச்சிட்டேன், ஸ்டேபிள். மாவு கொஞ்சம் சீரியஸ், பொங்கி வழியுது. சாயந்திரம் ஒரு தடவ பாத்துடுங்க."

"வெண்டைக்கா?"

"அது நேத்தே போயிடுச்சுண்ணா. காப்பாத்த முடியல."

சிரிக்காமல்தான் சொல்வார். சாதம் குழைந்தது, குழம்பு கருகியது, எதற்கும் அவர் சோர்ந்து நான் பார்த்ததில்லை. கரி பிடித்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே பாடுவார். முதல் சம்பளத்தில் வாங்கிய குக்கரைக் கைக்குழந்தையைப் போல அணைத்துப் படியேற்றிக்கொண்டு வந்தார்.

கெடு முடிந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். அன்று பார்த்து ஆஸ்பத்திரியில் அடுத்த டாக்டர் வரவில்லை. அவர் வராமல் டாக்டரம்மா கிளம்ப முடியாது. நான்தான் அறையைத் திறந்துவிட்டேன். "சாயங்கால ரயிலுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கேன்" என்றார் அப்பா, உட்காராமலே. அப்போது என் போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணா, பருப்பு கழுவி குக்கர்ல இருக்கு, மூணு விசில் விடுங்க. அரிசி ஊறுது. அப்பா வந்தா ஃபேனுக்குக் கீழ உக்கார வைங்க, படி ஏறுனா மூச்சு வாங்கும். பிபி மாத்திரைய மறந்துட்டு வந்திருப்பாரு, டிராயர்ல ஒரு அட்டை வாங்கி வச்சிருக்கேன். கோவமா பேசுவாரு, பயந்துடாதீங்க. அது பழைய கம்ப்ளெயின்ட்."

போன் கட்டாயிற்று. அப்பா மாத்திரையை உண்மையாகவே மறந்திருந்தார். டிராயரைத் திறந்து அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவரே அடுப்பைப் பற்றவைத்தார். என்னை வெங்காயம் நறுக்கச் சொன்னார்.

மூன்று மணிக்கு மூச்சிரைக்க ஓடிவந்த மகளிடம் வாசலிலேயே சொன்னார்: "மூணு விசில் விட்டாச்சு. சாதம் ஸ்டேபிள். கெழவன் மாத்திர போட்டுக்கிட்டான். கோவம் மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கு."

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாலையில் அப்பா தனியாகத்தான் ரயிலேறினார்.

இரண்டு வருடம் கழித்து, வழக்கம்போல யாரிடமும் சொல்லாமல் நான் மர்பி டவுனை விட்டுக் கிளம்பினேன். சாவியும் பையோடு வந்துவிட்டது. போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டு, அனுப்பட்டுமா என்று கேட்டேன். டாக்டரம்மா இப்போது காக்ஸ் டவுனில் ஒரு முழு வீட்டில் இருக்கிறார்.

"அந்த ரூமயே இடிச்சுட்டாங்கண்ணா. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா ஹேண்ட் ஓவர் குடுக்காம போனீங்க பாருங்க, அது பெரிய தப்பு."

சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன். நான் கிளம்பிய அன்று அந்த அடுப்படி எப்படி இருந்தது என்று யோசித்து, பாலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசிவரை 'உம்' கொட்டிக் கேட்டார்.