பெரியவர் வந்த இருபது நிமிஷம்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சாலவாக்கம் பக்கத்தில் கல்லு கிரஷரில் கொஞ்ச வருஷம் வேலை பார்த்தேன். இருமல் நிற்காமல் போனதும் அதை விட்டேன். கல்யாண வீடியோ எடுக்கிற ஒருத்தரிடம் லைட் பிடிக்கப் போனேன். அவர் புதுக் கேமரா வாங்கினபோது பழையதை எனக்குத் தள்ளிவிட்டார். இன்னைக்கும் அதுதான் சோறு போடுகிறது.

அந்தக் கேமராவின் திரையில் வலது பக்கம் மேல் மூலை செத்துப்போயிருக்கும். கருப்பாக ஒரு திட்டு. வீடியோ ஓடும்போது சிவப்புப் புள்ளி அந்த மூலையில்தான் தெரிய வேண்டும். தெரியாது. அதனால் பட்டன் அமுக்குவதை மனசுக்குள் எண்ணிக்கொள்வேன். ஒரு அமுக்கு, ஓடுது. அடுத்த அமுக்கு, நின்னுது. பழகிவிட்டது.

என்னைக் கூப்பிடுகிறவர்கள் காலனிக்காரர்கள். வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் கல்யாணம் பண்ணுகிறவர்கள். அவர்கள் சக்திக்குத் தகுந்த மாதிரி வேலை செய்யணும். ஆனா படம் மட்டமா இருக்கக் கூடாது. வெளிச்சத்தைத் திருப்ப தெர்மாகோல் அட்டை வைத்திருந்தேன். லைட்டுக்கு முன்னால் வெள்ளை வேட்டியைக் கட்டினால் முகத்தில் நிழல் விழாது. ஸ்டாண்டு இல்லாத இடத்தில் ஒரு சின்னப் பை நெல்லை வைத்து அதன்மேல் கேமராவை உட்கார வைப்பேன். ஆடாது. எல்லாத்துக்கும் மேலே ஒன்று, திரும்ப எடுப்பது. தாலி கட்டுவதைத் தவிர மத்த எல்லாத்தையும் ரெண்டு மூணு வாட்டி செய்ய வைப்பேன். மாலை மாத்தறது, பால் பழம், காலில் விழறது. மூணில் ஒன்று நல்லா வரும். அதுக்கு ஒரு செலவும் இல்லை.

இப்படி ஒரு கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட வந்தது கல்யாணப் பொண்ணே. அவள் அப்பாவுக்கு ஈரல் கெட்டுப்போய் பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தார். அம்மா கூடவே இருந்தாங்க. அதனால் எல்லா வேலையையும் அவளேதான் ஓடி ஓடிப் பார்த்தாள்.

"வேற எதையும் கேக்கலண்ணா. எங்க நைனாவ நல்லா எடுத்துக் குடுங்க. வூட்ல அவர் போட்டோ ஒண்ணுகூட இல்ல. கேமராவ பாத்தாலே எய்ந்து பூடுவாரு."

"வருவாரா?"

"டாக்டர்கிட்ட கேட்டுகீறோம். கொஞ்ச நேரம் கூட்டினு போய்ட்டு வாங்கன்னாரு."

போட்டோவுக்குத் தனி ஆள் போடலாமா என்று கேட்டாள். வேணாம் என்று சொன்னது நான்தான். "வீடியோல ஒவ்வொரு நொடியும் ஒரு போட்டோம்மா. எது வேணுமோ எடுத்து பெருசு பண்ணி மாட்டிக்கலாம்" என்றேன். அவள் அதை நம்பினாள். நானும் நம்பித்தான் சொன்னேன்.

காலையில் தாலி கட்டினபோது பெரியவர், அதான் பொண்ணோட அப்பா, வரவில்லை. பத்து மணிக்கு மேல் ஒரு ஆட்டோ வந்தது. ரெண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். வயிறு உப்பியிருந்தது. கை கால் குச்சி. புறங்கையில் ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. வெள்ளைச் சட்டை புதுசு, மடிப்புக் கலையவில்லை. ஆட்டோ வளைவில் திரும்பும்போதே பட்டனை அமுக்கிவிட்டேன்.

அவரைச் சுற்றி கூட்டம் கூடியது. ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்தார்கள். எனக்கு முகம் மறைத்தது.

"போனெல்லாம் எறக்குங்க! நான் எடுக்கறேன் இல்ல? அப்பறம் எல்லாருக்கும் அனுப்பறேன். எறக்குங்கம்மா."

எறக்கினார்கள். நான் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

பொண்ணும் மாப்பிள்ளையும் காலில் விழுந்தார்கள். அவர் கையைத் தூக்கி ரெண்டு பேர் தலையிலும் வைத்தார். கை ஆடியது. வெயில் நேராக இருந்ததால் கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்தது. தெர்மாகோலைத் திருப்பச் சொல்லி, இன்னொரு வாட்டி விழச் சொன்னேன். அப்புறம் மூணாவது வாட்டி. பெரியவர் எனக்காக மூணு தடவையும் கையைத் தூக்கினார். கடைசித் தடவை நல்லா வந்தது. வெளிச்சம் முகத்தில் சரியாக உட்கார்ந்தது. கேமராவைப் பார்த்தார். எழுந்து போகவில்லை. எனக்கு சந்தோஷமாக இருந்தது.

இருபது நிமிஷம் இருந்திருப்பார். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் பேட்டரி மாற்றிக்கொண்டு சாப்பாட்டுப் பந்தியை எடுக்கப் போனேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து கேமராவின் மெமரி கார்டை கம்ப்யூட்டரில் போட்டேன். தாலி இருந்தது. பந்தி இருந்தது. நடுவில் ஆட்டோ வளைவில் திரும்புகிறது, அஞ்சு நொடி. அதோடு நின்றுவிட்டது. அடுத்த துண்டில் மண் தரை, சிந்தின அட்சதை, ஒரு கோழி. அதுக்கடுத்த துண்டில் என் செருப்பு. அதுக்கடுத்ததில் பெரியவர் கால், ரப்பர் செருப்போடு, வீங்கிப்போய். அப்புறம் பந்தல் குச்சி. அப்புறம் பந்தி.

கொஞ்ச நேரம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. கார்டு மட்டமான கார்டு. வேகம் பத்தாமல் ஆட்டோ வந்தபோது தானாகவே நின்றிருக்கிறது. அது எனக்குத் தெரியாது. நிறுத்துவதாக நினைத்து அமுக்கினேன், ஓட ஆரம்பித்தது. எடுப்பதாக நினைத்து அமுக்கினேன், நின்றது. அவர் முகத்துக்கு நேராகப் பிடித்த நேரமெல்லாம் கேமரா சும்மா இருந்தது. தொங்கப் போட்டிருந்த நேரமெல்லாம் ஓடியிருக்கிறது. பேட்டரி மாற்றினபோது அணைந்து, என் எண்ணிக்கை மறுபடியும் சரியாகியிருக்கிறது.

என் பொண்டாட்டி பின்னால் நின்று பார்த்தாள்.

"கால் தெரியுது இல்ல?" என்றாள்.

"கால மாட்டி வெப்பாங்களா?"

அவள் உள்ளே போய்விட்டாள்.  

மறுநாள் கார்டை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரத்துக்குப் போனேன். அழிந்ததை எடுத்துக் கொடுக்கிற கடை ஒன்று உண்டு. கடைப் பையன் எதையெதையோ ஓட்டிப் பார்த்தான். போன வருஷம் எடுத்த ஒரு காதுகுத்துகூட வந்தது. இது வரவில்லை.

"அழிஞ்சிருந்தா எடுக்கலாண்ணா. எடுக்கவே இல்லன்னா இன்னாத்த எடுக்கறது?" என்றான்.

அதுக்கு அடுத்த நாள் கல்யாண ஊருக்கே போனேன். ஆல்பத்துக்கு வேணும் என்று பொய் சொல்லி, வீடு வீடாகப் போனை வாங்கிப் பார்த்தேன். நான் எறக்கச் சொல்லியும் ரெண்டு மூணு பேர் எடுத்திருந்தார்கள். எல்லாத்திலும் என் முதுகு. முதுகுக்கு அந்தப் பக்கம் ஒரு போட்டோவில் வெள்ளைச் சட்டையின் முழங்கை. இன்னொன்றில் பின்னந்தலை.

போனைக் கொடுத்த அம்மா சிரித்தது. "இன்னாப்பா, எல்லா போட்டோலயும் நீதான் மாப்ள மாரி நின்னுகினு கீற!"

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது.

பெரியவர் உயிரோடுதான் இருக்கிறார், ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்துவிடலாம் என்று பட்டது. முன்னாடியே ஏன் படவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கேமராவைப் பையில் போட்டு மேலே துண்டை வைத்து மறைத்துக்கொண்டேன். பார்வை நேரம் வரைக்கும் வெளியில் நின்றேன். வார்டு வாசலில் அவர் சம்சாரம் உட்கார்ந்திருந்தாங்க. பையைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாங்க.

"இன்னாப்பா, கேமராவ தூக்கினு வந்துகீற?"

"இல்லம்மா. வேற வேலையா வந்தேன். அப்பிடியே பாத்துட்டு போலாம்னு."

"நேத்துலருந்து கண்ணே தொறக்கல. போய் பாரு."

போய்ப் பார்த்தேன். மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போட்டிருந்தது. மஞ்சள் நிறத்தில் நெற்றி மட்டும் தெரிந்தது. பையைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் எடுத்திருப்பேன். அப்படி எடுத்ததை அந்தப் பொண்ணு சுவரில் மாட்டி தினமும் பார்க்கணும்.

வெளியே வந்ததும் அந்தம்மா சொன்னாங்க, "நல்ல வேளப்பா, நீ எடுத்து வெச்சிகீற. இவரு மூஞ்சி இப்ப பாக்கற மாரியா கீது?"

தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். சொல்லவில்லை.

நாலாம் நாள் காலையில் பொண்ணின் தாய்மாமன் போன் பண்ணினார்.

"மச்சான் போய்ட்டாரு. உத்திரமேரூர்ல ஃப்ளெக்ஸ் கடையில நிக்கிறேன். அஞ்சலி பேனர் அடிக்கணும். கல்யாணத்துல எடுத்த போட்டோ ஒண்ணு நல்லதா பாத்து வாட்ஸப்புல அனுப்பு. சீக்கிரம்."

"இல்லண்ணா."

"இன்னா இல்ல? நெட்டு இல்லியா?"

"போட்டோ இல்லண்ணா. பெரியவர் வந்த நேரம் வீடியோ ஓடல."



"மூணு வாட்டி கால்ல வுழ வெச்சியேடா" என்றார். "எங்க போனெல்லாம் எறக்க வெச்சியேடா. சாவப்போற மனுஷன் உனக்காக கைய தூக்கி தூக்கி... த்தூ." வைத்துவிட்டார்.

ஆதார் கார்டில் இருந்ததைப் பெருசு பண்ணி பேனர் அடித்தார்கள். சாவுக்குப் போனேன். கடைசியில் நின்றேன். பேனரில் இருந்தது ஒரு மனுஷன் என்று தெரிந்தது. யார் என்று எழுத்தைப் படித்தால்தான் தெரியும்.

காரியம் முடிந்து ரெண்டு நாள் கழித்து பொண்ணும் மாப்பிள்ளையும் பைக்கில் என் வீட்டுக்கு வந்தார்கள். அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. நின்றுகொண்டே கேட்டாள்.

"ஒண்ணுமே இல்லியாண்ணா?"

"கால் கீதும்மா. மண்ணு கீது."

"அதையே காட்டுங்க."

போட்டுக் காட்டினேன். மண், அட்சதை, கோழி. ஸ்பீக்கரில் மேளமும் ரேடியோ செட் பாட்டும் என் சத்தமும். பெரியவர் கால் வந்ததும் அவள் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நிறுத்துங்க. பின்னால போங்க."

போனேன்.

"இன்னும் கொஞ்சம். ம். சத்தம் வையுங்க."

ஹெட்போனை எடுத்துக் கொடுத்தேன். அவள் காதில் மாட்டி, கையால் ரெண்டு பக்கமும் அமுக்கிக்கொண்டாள். அப்புறம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மாப்பிள்ளை என்ன என்று கேட்டார். ஹெட்போனை அவரிடம் கொடுத்தாள். அப்புறம் நான் கேட்டேன்.

என் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் இருந்தது. நான் நாலு தடவை அந்தத் துண்டைப் பார்த்திருந்தேன். என் சத்தத்தைக் கேட்கப் பிடிக்காமல் குறைத்து வைத்துப் பார்த்திருந்தேன்.

"எனக்கின்னா ரெண்டாங் கல்யாணமா நடக்குது? திருப்பித் திருப்பி எடுக்கறான்" என்கிறார் பெரியவர். அவள் சிரிக்கிறாள். "நீ நாஷ்டா துன்னியா?" என்கிறார். "துன்னேன் நைனா." "பொய் சொல்லாத. மூஞ்ச பாத்தா தெரில? மாப்ள, இத மொதல்ல துன்ன வைங்க. பசி தாங்காது இது."

அவ்வளவுதான். அதுக்கு மேலேயே நான் கத்திக்கொண்டிருக்கிறேன். லைட்ட இப்படித் திருப்பு. யாரும்மா அது, நவுரு. பெரியவரே, கைய எறக்காதீங்க, இன்னும் ஒரே வாட்டி.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க கொரலு மட்டும் வேணாண்ணா. அத எடுத்துட்டு குடுங்க."

சரி என்றேன். முடியும் என்று தெரிந்து சொல்லவில்லை. முடியாது என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

மூணு நாள் உட்கார்ந்தேன். ஒரு வளைகாப்பு வேலை வந்தது, வேறு ஆளை அனுப்பிவிட்டேன். கம்ப்யூட்டரில் சத்தத்தைப் பிரிக்க எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். தெரியாததைப் போனில் பார்த்துப் பார்த்துச் செய்தேன். மேளம் போனது. பாட்டு குறைந்தது. என் குரல் போகவில்லை. மைக் கேமராவிலேயே இருக்கிறது. கேமரா என் வயிற்றுக்கு நேராகத் தொங்குகிறது. அவர் அந்தாண்ட உட்கார்ந்திருக்கிறார். என்னைக் குறைத்தால் அவரும் குறைகிறார். இன்னும் அமுக்கினால் ரெண்டு பேரும் கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி ஆகிறது. நான் பேசுகிற இடத்தையெல்லாம் வெட்டிப் பார்த்தேன். "நாஷ்டா" என்பதும் "பசி" என்பதும் மிஞ்சின. அதையும் அழித்துவிட்டு முதலில் இருந்தபடியே வைத்தேன்.

அவளுக்கு நானே போன் பண்ணி வரச் சொன்னேன். ரெண்டு பேரும் வந்தார்கள்.

"தனியா பிரிஞ்சி வரலம்மா. என் கொரல எடுத்தா அவரும் பூடறாரு."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். மாப்பிள்ளை, "அப்டியே வாங்கிக்கலாம், விடு" என்றார்.

"குடுங்க" என்றாள். "ஆனா உங்ககிட்ட இருக்கக் கூடாது. எதுலயும்."

பென் டிரைவில் ஏற்றினேன். சரியாக ஏறியிருக்கிறதா என்று போட்டுக் காட்டச் சொன்னாள். இந்தத் தடவை ஹெட்போன் வேண்டாம் என்றாள். ஸ்பீக்கரில் வைத்தேன். அந்த வீங்கின காலைப் பார்த்துக்கொண்டு மூணு பேரும் கேட்டோம். கைய எறக்காதீங்க பெரியவரே என்று நான் சொல்வதையும் கேட்டோம். 

அப்புறம் கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தேன். கார்டையும் அழித்தேன். அழித்ததெல்லாம் போய் விழுகிற இடத்தையும் காலி பண்ணச் சொன்னாள். பண்ணினேன். காலியாகத்தான் இருக்கிறதா என்று அவளே குனிந்து பார்த்தாள்.