கரையில் விழுந்த டயர் தடம்

எண்பதுகளின் தொடக்கத்தில், சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஆடு மாடுகளுக்கு ஊசி போடும் வேலை எனக்கு. பாதையே இல்லாத ஊருக்கும் மோட்டார் சைக்கிளில் போய்விடுவேன். அதைப் பார்த்து ஓர் ஊர் இளவட்டங்கள் தங்களுக்கும் வண்டி பழக்கிவிடச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குளத்துக்கரையில் வகுப்பு. பஸ் வராது, லாரி வராது, அடிபட வழியில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். வேட்டியை மடித்துச் செருகாதவனுக்கு வண்டி கிடையாது. பின்னால் ஆள் ஏற்றினால் காதைத் திருகுவேன். ஒருவனுக்கும் முழங்கால்கூடச் சிராய்க்கவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தக் கரையில் ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி ஒருநாள் வண்டியை மறித்தாள்.

"அண்ணாச்சி, ஆட்டுக் கால் பட்டா மண்ணு இறுகும். ஒங்க டயரு அறுக்குது. மழை வந்தா தண்ணி அந்தத் தடத்துலதான் ஓடும்."

"நீ எனக்கு வண்டி பழக்கித் தாரியா?" என்றேன். பையன்கள் சிரித்தார்கள்.

ஐப்பசியில் மழை கொட்டியது. கரை உடைந்து, நட்ட வயலெல்லாம் மண் மூடிப்போயிற்று. உடைந்தது, நான் திரும்பத் திரும்பப் பிரேக் பிடிக்கப் பழக்கிய இடம்.

ஊர்க்கூட்டத்தில் அவளை நிறுத்தினார்கள். "ஆடு மிதிச்சு மிதிச்சுத்தான் கரை போச்சு. இனிமே ஒன் ஆடு இந்தக் குளத்துல எறங்கக் கூடாது" என்று முடிவு சொன்னார்கள். ஊசி போட வந்த நான் ஓரமாக நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஊசிப் பெட்டியைப் பார்த்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் நின்ற இடம் எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வேறென்ன, பயம்தான்.

மறுவாரம் அவள் ஆடுகளை வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனாள். போகும்முன் எல்லா ஆட்டுக்கும் என்னையே ஊசி போட வைத்தாள்.

"நான் போற எடத்துலயும் குளம் இருக்கும்லா, அண்ணாச்சி. அங்கன வந்து பழக்குனா கரைய மட்டும் விட்டுருங்க."

நான் ஊசிப் பெட்டியை மூடினேன்.

அதன்பிறகும் பலருக்கு வண்டி பழக்கினேன். கரை வந்தால் இறங்கு, கீழ்ப்பாதையில் தள்ளிக்கொண்டு போ என்பேன். ஏன் என்று கேட்டவர்களிடம், டயர் கரையை அறுத்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன். எந்தக் கரை, யாருடைய டயர் என்பதை இங்கேதான் முதன்முதலாக எழுதுகிறேன். அந்த ஊரில் போய் இன்னும் சொல்லவில்லை.