படகுக்கு அண்டை கொடுத்தவள்

போன வாரம் மகன் என்னை ஒரு வெல்டிங் பட்டறைக்குக் கூட்டிப்போனான். அவனுக்குத் தண்ணீர் வியாபாரம். டிராக்டரில் இரும்புத் தொட்டியை வைத்து ஊர் ஊராகப் போய்க் குடக்கணக்கில் விற்கிறான். பழைய தொட்டி துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்ததால் புதிதாக ஒன்று செய்யச் சொல்லியிருந்தான். முட்டிவலிக்கு என்னை அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, திரும்பும் வழியில் அதையும் ஒரு எட்டுப் பார்க்கலாம் என்றான்.

பட்டறையில் ஒரே ஒரு பையன். முகத்துக்கு நேரே கறுப்புக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, தகட்டோடு தகட்டை ஒட்டிக்கொண்டிருந்தான். பேச்சில்லை, தட்டில்லை, வெறும் பொறி. வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"உள்ள ஆரு தம்பி இருக்கா?"

"உள்ளயா? ஒருத்தரும் இல்ல பெரியம்மா. உள்ள எதுக்கு ஆளு?"

மகன் சிரித்தான். அவன் சிரித்திருக்கக் கூடாது. உள்ளே யார் இருப்பது என்று ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் நடந்த வழக்குக்கு மூலகாரணமே இவன்தான். அப்போது என் வயிற்றில் ஏழு மாசமாக இருந்தான்.

சுட்ட இரும்பு வாடை சில பேருக்குத் தலைவலி கொடுக்கும். எனக்கு அது என் வீட்டுக்காரருடைய சட்டை வாடை. அவர் பெயரை எழுத இந்த வயதிலும் கை வரமாட்டேன் என்கிறது. 'அவர்' என்றே வைத்துக்கொள்ளுங்கள். திருச்சுழிக்கு வெளியே எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே அவருடைய கொட்டகை. கூனை செய்வது தொழில். மாடு கட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கமலையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் கயிற்றின் நுனியில் தொங்கிக் கிணற்றுக்குள் போய்வருகிற வயிறு பெருத்த இரும்புச் சால்தான் கூனை. எம்.ரெட்டியபட்டிப் பக்கத்துச் சம்சாரிகள் அவர் கூனை என்றால் காத்திருந்து வாங்கிப்போவார்கள்.

இரண்டு தகட்டை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, துளை போட்டு, உள்ளேயிருந்து ரிவிட் ஆணியைச் சொருகி, வெளியே நீட்டிய முனையைச் சுத்தியலால் அடித்துப் பரத்த வேண்டும். அடிக்கும்போது உள்ளே ஆணித்தலையின் மேல் ஒரு இரும்புக் கட்டியை வைத்து யாராவது அழுத்திக்கொள்ளாவிட்டால் ஆணி பின்வாங்கிவிடும். அதற்கு அண்டை கொடுப்பது என்று பேர். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு அண்டை கொடுத்தவள் நான். பஞ்சு மில்லுக்குப் போன என் சேக்காளிகளுக்குக் கூலி உண்டு. எனக்கு அதுகூடக் கிடையாது. ஆனால் எனக்கு வேறொன்று கிடைத்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

உள்ளே இருப்பவளுக்கு வெளியே இருப்பவர் முகம் தெரியாது. அதனால் சுத்தியலாலேயே பேச்சு. ஒரு தட்டு என்றால் கட்டியை வை. இரண்டு தட்டு என்றால் எடு. சில சமயம் ஆணி நன்றாக உட்கார்ந்துவிட்டால் மெதுவாக மூன்று தட்டு வரும். அதற்கு வேலையில் ஒரு அர்த்தமும் இல்லை. நான் என் பித்தளை வளையலால் தகட்டில் ஒரு கிணுக்குக் கொடுப்பேன். அவ்வளவுதான். 'சாப்பிட்டியா' என்றுகூட என்னைக் கேட்டறியாத மனிதர் அவர். மாமியார் என்னைத் திட்டினால் எழுந்து வெளியே போய்விடுவார். அப்படிப்பட்டவரிடமிருந்து எனக்கென்று வந்தது அந்த மூன்று தட்டுத்தான். நகையா, நட்டா? அதை வைத்துக்கொண்டு நான் ராணி மாதிரி நடந்தேன்.

இந்த நேரத்தில்தான் படகு வந்தது.

ஆளைத் தண்டிக்கத் தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றுவேன் என்பார்களே, அந்தக் காட்டுக்காரர்கள் நாங்கள். எங்களுக்கு எதற்குப் படகு? குண்டாறு இருக்கிறதே, அது வருஷம் முழுக்க மணலாகக் கிடக்கும். ஐப்பசியில் நினைத்துக்கொண்டு வந்தால் ஆளையும் மாட்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். அப்படி வெள்ளம் வந்த ஒரு நாளில் அக்கரை ஊரில் ஒரு சாவு விழுந்துவிட்டது. எங்களைப் போலவே வேதக்கார வீடு, கிறிஸ்தவர்கள். உபதேசியார் இக்கரையில் நின்று கையை நீட்டி ஜெபம் சொல்ல, அக்கரையில் குழியில் இறக்கினார்கள். தண்ணீர் இரைச்சலில் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். அந்த ஊர்க்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. வீட்டுக்கு வீடு வரி போட்டுப் படகு செய்வது என்று முடிவெடுத்தார்கள். மரப்படகு என்றால் பத்து மாசம் வெயிலில் கிடந்தே பிளந்துபோகும். அதனால் இரும்பில் வேண்டும் என்று இவரிடம் வந்தார்கள்.

"கூனைதானப்பா, கொஞ்சம் நீளமா" என்றார்கள்.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் அது. பட்டாளத்துப் பெட்ரோல் டிரம்கள் மதுரையில் மலிவாகக் கிடைத்தன. வண்டியில் ஏற்றிவந்து இறக்கினார்கள். கடற்கரைப் பக்கத்துத் தச்சர் ஒருவர் மரச்சட்டத்தில் படகின் எலும்புக்கூட்டை மட்டும் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். தோல் போர்த்துவது இவர் பாடு. டிரம்மை வெட்டி, காய்ந்த பருத்திக் குச்சியான பருத்திமாரைக் கொளுத்தி அதில் சுட்டு எடுப்பார். தெரு முழுக்கக் கருகின எண்ணெய் வாடை. பிறகு நடுவில் குழி தோண்டிய புளியங்கட்டையில் தகட்டை வைத்து, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி அடிப்பார். தகடு முரண்டு பிடிக்கும். டிரம்மாக இருந்த வளைவை அது லேசில் மறக்காது. அதை மறக்கடித்து வேறு பக்கம் வளைய வைக்க வேண்டும். நாலு அடிக்கு ஒரு தடவை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். அந்தத் தடவலைப் பார்த்தே எனக்கு வயிற்றெரிச்சல் தொடங்கிவிட்டது என்று வையுங்கள்.

தெருவில் போகிறவர்கள் சும்மா போவார்களா?

"ஏலே, மணல்ல ஓட்டப் போறியா? சக்கரம் மாட்டிக்க!"

அவர் கொட்டாப்புளியை இன்னும் ஓங்கி அடிப்பார்.

வயிறு, பக்கம் இரண்டையும் அடைத்து முடித்தாயிற்று. மிச்சம் மூக்கு. படகின் முன்பக்கம் கூம்பிக்கொண்டே போகும் இடம். அதற்குள் உட்கார்ந்துதான் அண்டை கொடுக்க வேண்டும். நான் என் வயிற்றைப் பார்த்தேன், மாமியாரும் பார்த்தார்.

"பிள்ளை அதிர்ந்து போகும். நீ வீட்ல கெட. ஞானப்பூவக் கூப்பிட்டுக்கிறலாம்."

ஞானப்பூ பக்கத்துத் தெரு. என் வயசு. புருஷன் கொழும்புக்குப் போனவன் போனவன்தான். செத்தானா இருக்கிறானா தெரியாது. பருத்திமார் மாதிரி ஒல்லி. மூக்குக்குள் என்ன, ஊசிக் காதுக்குள்ளும் போய் வருவாள். அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள். கூப்பிட்டால்? வாய்க்கென்ன, எதையும் சொல்லும்.

முதல் நாள் நான் வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரே கொட்டகைக்குள் அடி விழுந்தது. ஒரு தட்டு. சரி. அடி. இரண்டு தட்டு. சரி. இன்னொரு ஆணி. அப்புறம் மெதுவாக மூன்று தட்டு.

அரிவாள்மனையில் விரல் பட்டது எனக்குத் தெரியவில்லை. மாமியார்தான் காய் சிவந்திருப்பதைப் பார்த்துக் கத்தினார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமை என்றால் சாமானியப் பொறாமை இல்லை. அவள் குடித்த செம்பை நான் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்தேன். அவள் தலையில் வைத்த கனகாம்பரம் வாடவில்லையே என்று அதன்மேலும் கோபம். ஜெபத்தில் 'எங்களைச் சோதனைக்குட்படப் பண்ணாமல்' என்று வரும்போது அவளைத்தான் நினைத்தேன். அவரிடம் கேட்கலாமே என்பீர்கள். என்னவென்று கேட்பது? 'மூணு தட்டு ஏன் தட்டினீக' என்றா? கேட்டால் அது ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். ஒன்றுமில்லை என்று ஆவதுதான் எனக்குப் பயமே. என் ஆஸ்தி முழுக்க அந்த மூன்று தட்டில்தானே இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் அவர் தகட்டு இடுக்கை அடைக்கிற தார்க் கீல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நான் கொட்டகைக்குப் போனேன்.

"ஏ ஞானப்பூ, வெளிய வா. இனிமே நான் பாத்துக்கிறேன்."

"மதினி, இந்த வயித்தோடயா? உள்ள திரும்பக் கூட முடியாது."

"அதை நீ சொல்லாத. நீ வாரதுக்கு முன்னால யாரு உக்காந்திருந்தா இங்க?"

அவள் இறங்கினாள். நான் ஏறினேன். தலை போனது, தோள் போனது, வயிறும் ஒரு மாதிரி போய்விட்டது. மூக்குக்குள் உட்கார்ந்து கட்டியைக் கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது, திரும்ப முடியவில்லை. பின்னால் வரவும் முடியவில்லை. முதுகில் ஒரு சட்டம், முன்னால் வயிற்றில் இவன். உள்ளேயிருந்து இவன் ஒரு உதை விட்டான் பாருங்கள்! தகப்பன் கட்டிய படகை உடைத்துவிடுவான் போல இருந்தது.

ஞானப்பூ சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தகட்டுக்கு அந்தப் பக்கம் வந்து குந்தினாள்.

"மதினி, ஒண்ணு கேக்கணும். அண்ணன் மூணு தட்டு தட்டுறாகள்ல, அதுக்கு உள்ள இருக்கவ என்ன செய்யணும்? யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல."

என் கை தானாக வளையலை மூடிக்கொண்டது.

"தட்டிட்டுச் சும்மா நிப்பாக. சுத்தியும் ஓடாது, பேச்சும் வராது. எதுக்கோ காத்துக்கிட்டு இருக்காப்புல இருக்கும். அப்புறம் 'ப்ச்'சுன்னுட்டு அடுத்த ஆணிக்குப் போயிருவாக. எல்லா நாளும் இதே கதைதான்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "உங்களத் தேடுறாக மதினி. எனக்கு அப்படித் தேட ஆரு இருக்கா?"

நீங்கள் நினைப்பீர்கள், அதோடு என் பொறாமை கரைந்துபோயிருக்கும் என்று. அதுதான் இல்லை! இன்னும் கூடத்தான் செய்தது. எனக்காக அவர் சும்மா நின்ற நேரத்தை அவள் அல்லவா கேட்டிருக்கிறாள்! உள்ளே நான் இருந்தபோது அவர் நிற்க வேண்டியிருந்ததே இல்லை. உடனே கிணுக்கென்று பதில் கொடுத்துவிடுவேனே. அவர் என்னைத் தேடினதை அவள் காது கேட்டது, என் காது கேட்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் கொஞ்சம் எரிகிறது. எரியட்டும்.

அவர் வரும் செருப்புச் சத்தம் கேட்டது. தகட்டோடு வாயை வைத்து ஞானப்பூவைத் தூணுக்குப் பின்னால் போகச் சொன்னேன். அவர் ஒன்றும் கவனிக்கவில்லை. ஒரு தட்டு. கட்டியை வைத்தேன். அடித்தார். காது இரண்டும் அடைத்துப்போயிற்று. இரண்டு தட்டு. எடுத்தேன். பிறகு மூன்று, மெதுவாக.

வளையலால் ஒரு கிணுக்குக் கொடுத்தேன்.

சுத்தியல் கீழே விழுந்த சத்தம்.

"ஏ புள்ள! நீயா உள்ள?"

என்னை வெளியே எடுக்க மூக்கில் ஒரு சட்டத்தை அறுக்க வேண்டியதாயிற்று. மாமியார் மாரில் அடித்துக்கொண்டார். ஞானப்பூதான் என் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் அன்று முழுக்க முணுமுணுத்தார், ஆனால் முகத்தில் கோபம் இல்லை. மறுநாள் மூக்குக்குள் ஞானப்பூதான் போனாள். நான் வெளியே உட்கார்ந்து பஞ்சில் கீல் தோய்த்துக் கொடுத்தேன். மூன்று தட்டு விழுந்தபோது வெளியிலிருந்தே கிணுக்கினேன்.

படகு அந்த ஐப்பசியில் குண்டாற்றில் மிதந்தது. உபதேசியார்தான் முதலில் ஏறினார், கண்ணை மூடிக்கொண்டு. சில வருஷம் ஓடியது. அப்புறம் பாலம் வந்தது; படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டு ஆடு அடைத்தார்கள். அப்புறம் அதையும் காணோம். மோட்டார் வந்து கமலை போயிற்று, கூனை போயிற்று. ஞானப்பூ மில் வேலைக்கு மதுரைப் பக்கம் போனவள்தான். ஆறும் இப்போது வருவதில்லை. அதனால்தான் என் மகன் தண்ணீர் விற்கிறான். அவரைப் புதைத்து வருஷம் பல ஆகிவிட்டது.

"போலாமாம்மா, நேரமாச்சு" என்றான் மகன்.

"இரு, வாரேன்" என்று தொட்டிப் பக்கம் போனேன். தகடு இன்னும் சூடாக இருந்தது. ஊன்றுகம்பின் பிடியால் மெதுவாக மூன்று தட்டு தட்டினேன். உள்ளே ஒருத்தரும் இல்லை என்று அந்தப் பையன் முன்னாலேயே சொல்லிவிட்டான். இருந்தாலும் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.