அந்தப் பக்கத்து முனை

எங்க சலவைக்கூடத்துல துணி மடிக்கிறவள நெட்டச்சின்னுதான் கூப்பிடுவோம். கதவு நிலையில இடிச்சு இடிச்சே நெத்தி தடிச்சுப்போனவ. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புதான் எங்க பொழப்பு. தேய்க்கிற சூட்டு உருளையில இருந்து விரிப்பு வெளிய வந்ததும் ரெண்டு பேர் ஆளுக்கு ரெண்டு முனையப் புடிச்சு, ஒரு உதறு உதறி, எதிரெதிரா நடந்து வந்து மடிக்கணும். தரையில பட்டுச்சோ, மறுபடி தண்ணிக்குத்தான் போகணும். மடிச்சத அடுக்கி, கயித்தப் போட்டு இறுக்கிக் கட்டறது நான்.

நெட்டச்சிக்கு எதிர்ப்பக்கம் குள்ளி. குள்ளியோட நெஞ்சு உயரத்துக்கு இவ முதுக வளைச்சு, கைய எறக்கிப் புடிப்பா. வாயத் தொறக்க மாட்டாளுங்க. ஒருத்தி மூச்சு விட்டா இன்னொருத்தி உதறுவா. ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. நெட்டச்சி புருஷன் ஓடிப்போனப்போ, குள்ளி தன் ரூமுல கட்டில சுவரோரமா நகத்தி இவளுக்கு எடம் போட்டா. அவ்வளவுதான்.

தானாடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க. நெட்டச்சிக்குக் கூடப்பொறந்த அண்ணன் ரெண்டு தெரு தள்ளித்தான் இருந்தான். இவ காய்ச்சல்ல கெடந்தப்போ அவன் சதை ஆடி நான் பாக்கல. மூத்திரச் சட்டி எடுத்தவ குள்ளி.

போன மழையில குள்ளி செத்துப்போனா. சொந்தம்னு நாலு பேர் எங்கிருந்தோ மொளச்சு வந்து பொணத்த எடுத்துக்கிட்டாங்க. நெட்டச்சிய யாரும்மா நீன்னு கேட்டு வெளியவே நிறுத்திட்டாங்க. அவ அழல. மறுநா வேலைக்கு வந்து, முதுக வளைச்சுக்கிட்டு, தனியா விரிப்ப எடுத்தா.

அந்தப் பக்கத்து முனை தொங்கல. குள்ளி நெஞ்சு உயரத்துல நிக்குது.

காத்தா இருக்கும்னு ஃபேன நிறுத்திப் பாத்தேன். அப்பவும் நிக்குது. மத்த பொம்பளைங்க அந்தப் பக்கம் நடக்கறதயே விட்டுட்டாளுங்க.

சேதி அண்ணன் காதுக்குப் போயி, ஒரு மத்தியானம் வந்து நின்னான். பொண்டாட்டி போயிட்டா, வீடு வெறிச்சோடிக் கெடக்கு, பெட்டியக் கட்டு, இனிமே என்கூடவே இருன்னான். தங்கச்சிக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு அவனுக்கு நெசமாவே பயம், கண்ணு கலங்கியிருந்துச்சு. லேட்டா வந்தாலும் வந்தான்ல. எனக்கும் பயம்தான், இங்கயே இருந்தா செத்தவ இவளையும் கூட்டிட்டுப் போயிடுவாளோன்னு.

"போடி," ன்னேன். "செத்தவளா சோறு போடப் போறா?"

அவ உருளையில இருந்து ஒரு விரிப்ப உருவி, ரெண்டு முனைய அண்ணன்கிட்ட நீட்டினா.

"இத என்கூட மடிச்சுடுண்ணே. வந்துடறேன்."

அவனும் அவள மாதிரியே ஒட்டடக்கொம்பு, சரியா வந்துடும்னுதான் நெனச்சேன். இவ பழக்கத்துல கைய எறக்கினா, அவன் மேல தூக்கினான். வெடுக்குன்னு இழுத்தான். விரிப்பு நழுவித் தரையில விழுந்துச்சு. இன்னொன்னு குடுத்தா. அதுவும் விழுந்துச்சு.

"நீ இழுக்கறண்ணே," ன்னா, கோவமே இல்லாம. "அவ தாங்குவா."

அடுத்தத அவளா எடுத்தா. விரிப்பு எந்திரிச்சு நின்னுச்சு. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல உதறுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அந்த முனை மெதுவா நடந்து வந்து அவ கையில சேந்துச்சு. அண்ணன்காரன் சுவத்தோட பல்லியா ஒட்டிக்கிட்டான். அப்பப்போ வந்து பாத்துட்டுப் போறேன்னு முனகினான். வாண்ணேன்னா இவ. கீழ கெடந்த ரெண்டு விரிப்பையும் மிதிக்காம எடுத்து, தண்ணித் தொட்டியில போட்டுட்டுப் போனான்.

மடிச்சத என் கையில வெச்சா. இவ புடிச்ச ஓரம் உருளைச் சூட்டோட சுட்டுச்சு. எதிர் ஓரம் ஐஸ் மாதிரி சில்லுன்னு இருந்துச்சு.

இன்னிக்கும் அப்படித்தான் வருது. சில்லுன்னு இருக்கற பக்கத்துல மட்டும் நான் கயித்த இறுக்கறதில்ல.