மூன்று காப்பகங்கள், ஒரே கதவு

எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை. வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைத் தன் வாடகை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். அழுகைச் சத்தம் தாங்கவில்லை என்று வீட்டுக்காரர் ஒரு காலையில் தொட்டில்களை மாடியிலிருந்து தெருவுக்கு வீசினார். தடுக்கப் போனவளைப் படிக்கட்டில் பிடித்துத் தள்ளினார். அவளுக்கு முன்பல் ஒன்று போனது.

அந்தப் பகுதிக் குடியிருப்போர் சங்கத்திடம் ஒரு பழைய கிடங்கு சும்மா கிடந்தது. அதைக் காப்பகம் நடத்தும் மூன்று பெண்களுக்குக் குறைந்த வாடகையில் பொதுவாகக் கொடுத்தார்கள். ஆளுக்கு ஓர் அறை. வாசலும் சமையலறையும் எல்லோருக்கும். டீச்சரோடு சேர்ந்தவர்கள், முன்பு நர்ஸாக இருந்த ஒருத்தியும் தையல்காரி ஒருத்தியும். முதல் மாதமே அடுப்பு யாருக்கு முதலில் என்று சண்டை மூண்டது. தையல்காரி வீசிய கரண்டியில் நர்ஸின் புருவம் கிழிந்தது. அதன்பின் அவரவர் நேரத்தை எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். அந்த இருவருக்குள் பேச்சு நின்றுபோனது.

ஒரு நாள் மதியம் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் பார்த்துக்கொண்ட மூன்று வயதுப் பெண்ணின் அப்பா இரும்புக் கம்பியோடு வந்தான். அவனிடம் குழந்தையைக் கொடுக்கக் கூடாது என்று கோர்ட் உத்தரவு இருந்தது.

“என் பொண்ண அனுப்பு.”

“அவ அம்மா வந்தாத்தான் அனுப்புவேன். நீங்க போயிடுங்க தம்பி.”

“அதைச் சொல்ல நீ யாருடி?”

மூன்றாவது அடியில் கதவுப் பூட்டு தெறித்தது. டீச்சர் வாசலை மறித்து நின்றாள். கம்பி அவள் இடது கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. விழுந்தவள் அவன் காலைக் கட்டிப் பிடித்துக் கடித்தாள். முதுகில் அடி விழ விழ, விடவில்லை.

நர்ஸ் சமையலறையிலிருந்து கொதிக்கும் பால் சட்டியோடு ஓடி வந்து அவன் மேல் ஊற்றினாள். அலறிக்கொண்டு கம்பியைக் கீழே போட்டான். தையல்காரி போர்வையை அவன் தலையில் போட்டுச் சாய்த்து, குழந்தைகளின் மர நாற்காலியால் அடிக்கத் தொடங்கினாள். அவன் அசைவது நின்ற பிறகும் அடித்தாள்.

“போதும்டி, செத்துடப் போறான்,” என்றாள் நர்ஸ்.

“சாகட்டும்.”

“குழந்தை பாக்குது,” என்றாள் டீச்சர் தரையில் கிடந்தபடி.

அந்தப் பெண்குழந்தை அறை வாசலில் விரலைச் சூப்பிக்கொண்டு நின்றிருந்தது. தையல்காரியின் கையிலிருந்து நாற்காலி நழுவியது.

அவன் பிழைத்தான், சிறைக்குப் போனான். சங்கத்துச் செயலாளர் இடத்தைக் காலி செய்யச் சொன்னார். “ரத்தக்களறி எல்லாம் நமக்கு ஆகாதும்மா,” என்றார்.

நர்ஸ்தான் பதில் சொன்னாள். “இவ தனியா ஒரு வீட்டுல இருந்திருந்தா இன்னிக்குப் பொணம் சார். குழந்தையும் போயிருக்கும். மூணு பேரு ஒரே இடத்துல இருந்தோம், அதான் ரெண்டும் தப்பிச்சுது.”

செயலாளர் டீச்சரின் மாவுக்கட்டைப் பார்த்துவிட்டு, காலி செய்யும் பேச்சை விட்டார். அந்த வாரமே சங்கத்துச் செலவில் கனமான இரும்புக் கதவு ஒன்று வந்தது.

டீச்சரின் கை நேராகவில்லை. குழந்தைகளை வலது இடுப்பில் மட்டும் தூக்கப் பழகிக்கொண்டாள். அந்தப் பெண்குழந்தை பள்ளிக்குப் போகும் வயது வரை அங்கேயே வளர்ந்தது. நர்ஸின் மடியில் தூங்கும். டீச்சரின் கையால் சாப்பிடும். தையல்காரி பூப்போட்ட கவுன் தைத்து நீட்டினாலும், கிட்டே வந்ததே இல்லை.