இரண்டாவது கட்டத்தில் இட்ட குறி

நோயாளியைச் சேர்க்கும்போது நிரப்பும் தாளில் உடைமைகளுக்கு இரண்டு கட்டங்கள் உண்டு: ஆஸ்பத்திரியில் வைத்தது, வீட்டாரிடம் கொடுத்தது.

அரசாங்க மனநோய் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் நான் நர்ஸாகச் சேர்ந்த மூன்றாம் மாதம், தாராவியிலிருந்து ஒருவன் தன் மனைவியைக் கொண்டுவந்தான். பிறந்த குழந்தை இறந்தது முதல் அவள் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. கிட்டே போனவர்களை அடித்தாள். திருநெல்வேலிப் பக்கத்தவர்கள். வார்டில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தாள் என்னிடம் வந்தது.

கயிறு, ஊசி, கண்ணாடி எதுவும் நோயாளியிடம் இருக்கக் கூடாது. கழற்றக் கழற்ற எழுதினேன். கண்ணாடி வளையல், ஆறு. கொண்டை ஊசி, இரண்டு. மஞ்சள் கயிற்றில் தங்கத் தாலி, ஒன்று, ஓரம் நசுங்கியது. வார்டில் தங்கம் தங்காது என்று எல்லாவற்றுக்கும் இரண்டாவது கட்டத்தில் குறியிட்டேன். பொட்டலம் கட்டிக் கணவனிடம் நீட்டினேன்.

"எங்கிட்டயா தாறீய?" என்றான்.

"ஆமாம். சரியா இருக்கான்னு பாத்துண்டு கைநாட்டு வைங்கோ."

வைத்தான்.

எட்டு மாதத்தில் அவள் தெளிந்தாள். தையல் அறையில் தலையணை உறை தைத்தாள். "இந்தச் சப்பாத்தியில செருப்புத் தைக்கலாம்க்கா. அவகிட்ட சொல்லுங்க" என்று சமையல்காரியைக் கேலி செய்தாள். வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் எழுதினார். ஆனால் வீட்டார் வந்து அழைத்துப் போக வேண்டும். இரண்டு கடிதம் போட்டோம். பதில் இல்லை.

"தாலி பத்திரமா இருந்தாப் போதும்க்கா. வெறுங்கழுத்தா எப்பிடித் தெருவுல எறங்க?" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாட்டுங்காவில் இருந்த என் வீட்டுக்குப் போகாமல் தாராவிக்குப் போனேன். அவன் வீட்டு வாசலில் ஓர் இளம்பெண் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. அவள் குனிந்தபோது தாலி வெளியே வந்து தொங்கியது. ஓரம் நசுங்கியிருந்தது.

கணவன் உள்ளே இருந்தான்; என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் தாய்தான் பேசினாள். "கட்டுனவன் கையிலேயே தாலியத் திருப்பிக் குடுத்துத் தீத்துட்டு, இப்பக் கூட்டிட்டுப் போன்னா என்ன மொறை? நீயும் தமிழச்சிதான? ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். தெருவில் வேறு யார் செய்திருந்தாலும் நானே திடுக்கிட்டிருப்பேன். தாளை நிரப்பும்போது அது எனக்குப் பொருள்களில் ஒன்றாக இருந்தது.

திரும்பியதும் அவள் கேட்டாள்: "அவியளப் பாத்தியளா? தாலி இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

"அப்ப வருவாவ."

பார்வையாளர் நாளில் யார் யாருக்கு ஆள் வந்திருக்கிறது என்று பெயர்ப் பட்டியல் வாசிப்பது என் வேலை. அவள் தலைக்கு எண்ணெய் வைத்து, சேலைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அவள் பெயர் அதில் இல்லை என்பது தாளைக் கையில் வாங்கும்போதே எனக்குத் தெரியும். இருந்தாலும் கடைசிப் பெயர்வரை நிதானமாக வாசிப்பேன்.